மூன்றாவது வாரம்

என் கணவரின் காக்கிச் சட்டையில் கழுத்துப் பட்டன் துளைக்குள் நுழையவில்லை. டிப்போவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு, "சட்டை சுருங்கிப் போச்சு போல" என்றார். சட்டை சுருங்கவில்லை. கழுத்துதான் பெருத்திருந்தது. காலையில் எழுந்திருக்கும்போது அவர் முகம் உப்பியிருப்பதையும் கண்ணுக்குக் கீழே வீங்கியிருப்பதையும் மூன்று நாட்களாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சரியான தூக்கம் இல்லை, அதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அந்தப் பட்டனைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

"மேல் பட்டன் போடாம போங்க. யாரு பாக்கப் போறா" என்றேன். அவரும் போய்விட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் அரசு பஸ் டிரைவர். செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாக மெட்ராஸ் போகும் வண்டியைப் பதினோரு வருடம் ஓட்டியவர். நான் வல்லம் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் டீச்சர். இரண்டு பேர் வீட்டிலும் எங்களுக்கு முந்தின தலைமுறை வரைக்கும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஒரே மகள். அந்த வருடம் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. தெருவில் ஒரு வீட்டில்கூட போன் கிடையாது.

நோய் வந்தது அதற்கு ஒன்றரை வருடம் முன்னால். விடாத இருமல், பிறகு சளியில் ரத்தம். ஸ்டியரிங் பிடித்த கையிலேயே பீடியும் பிடித்தவர். மெட்ராஸில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் புற்றுநோய், பரவியும் இருக்கிறது என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "அவருக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். "வேணாம் சார்" என்று உடனே சொன்னேன். யோசித்துச் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் நோயாளிக்கு யாரும் சொல்வதில்லை, கூட வந்தவர்களுக்குத்தான் சொல்வார்கள். நான் அவரிடம் சளிக்கட்டி என்றேன். மகளிடமும் அதேதான். பக்கத்து வீடு, பள்ளிக்கூடம், டிப்போ எல்லோருக்கும் அதே சளிக்கட்டிதான்.

அந்த முதல் தடவை மருந்து கேட்டது. சிவப்பு மருந்து என்று வார்டில் எல்லோரும் சொல்லும் ஒன்றை ஆறு தடவை ஏற்றினார்கள். கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சும் வைத்தார்கள். தலைமுடி, மீசை, புருவம் எல்லாம் போனது. ஆனால் கடைசியில் எடுத்த எக்ஸ்ரேயைக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டிக் காட்டியபோது, எலுமிச்சம்பழம் போல நெஞ்சுக்குள் இருந்த வெள்ளை கரைந்து போயிருந்தது. டாக்டரே சிரித்தார். முடி திரும்ப முளைத்தது. வண்டி ஓட்ட விடவில்லை என்றாலும் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை கொடுத்தார்கள். அந்த நாற்காலி வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு தினமும் போனார். ஒன்பது மாதம் நாங்கள் மற்ற மனிதர்களைப் போல இருந்தோம். நான் பொய் சொன்னதே மறந்துபோய், சளிக்கட்டி கரைந்துவிட்டது என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

பட்டன் போடாமல் டிப்போவுக்குப் போனவரை அந்த வாரமே மெட்ராஸுக்கு அழைத்துப் போனேன். அவரை எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, டாக்டர் கூப்பிட்டதும் நான் மட்டும் உள்ளே போனேன்.

"திரும்ப வந்திருக்கும்மா. மேலே இருக்கிற ரத்தக் குழாயை அழுத்துது. அதான் முகம் வீங்குது."

"கரண்ட் வெச்சா போயிடுமா சார்?"

"அதே இடத்துல திரும்ப கரண்ட் வைக்க முடியாது. பழைய சிவப்பு மருந்தையும் இதுக்கு மேல குடுத்தா இருதயம் தாங்காது. வேற மருந்து இருக்கு. குடுத்துப் பாக்கலாம். கேக்கவும் கேக்கலாம், கேக்காமயும் போகலாம். கேட்டாலும் குணமாகாது. கொஞ்ச நாள் கிடைக்கும், அவ்வளவுதான். போன தடவையை விட இது வாந்தி அதிகம். வீட்ல பேசிட்டு சொல்லுங்க."

வீட்டில் பேசிவிட்டு. யாரோடு பேசுவது? அவருக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது. என் அம்மாவுக்குச் சொன்னால் ஊரே கேட்கிற மாதிரி அழுவாள். அந்த மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு நான் ஒருத்தியே பேசி முடித்தேன். "குடுங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அவரைச் சாகவிடு என்று நானே சொன்னதாக ஆகிவிடும். கொடுங்கள் என்றால், வேதனையில் தள்ளியது நான்தான்.

வெளியே வந்தேன். பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சொன்னாரு?"

"உள்ள கொஞ்சம் மிச்சம் இருந்துதாம். அதையும் கரைச்சிடணுமாம்."

"எத்தினி வாட்டி ஏத்தணும்?"

"ஆறு. மூணு வாரத்துக்கு ஒரு வாட்டி."

"ம்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. அப்பாவி மனுஷன், நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸை ஓட்டியவர் அவருக்கு இளையவர், அவரிடமே தொழில் பழகியவர். "அண்ணே, இங்க உக்காருங்க, அண்ணி, நீங்களும்" என்று தனக்குப் பின்னால் இருக்கும் சீட்டை எங்களுக்கு ஒதுக்கினார். அன்று முதல் ஒவ்வொரு தடவையும் அதே சீட்டுதான். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து என் கணவரின் காலைப் பார்த்துக்கொண்டு வருவேன். முன்னால் மாடு குறுக்கே வந்தால், லாரி திரும்பினால், அவருடைய வலது கால் பலகையை அழுத்தும். அங்கே பிரேக் இல்லை.

அடுத்த வாரம் ஏற்றப் போனோம். இந்தப் புது மருந்துப் பாட்டிலைக் கறுப்புத் துணியால் சுற்றியிருந்தார்கள். வெளிச்சம் படக்கூடாதாம். முன்னாலும் பின்னாலும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஏற்றினார்கள், சிறுநீரகம் கெட்டுப் போகாமல் இருக்க. மூன்று நாள் வார்டில். சாயங்காலம் ஆரம்பித்த வாந்தி மறுநாள் முழுக்க நிற்கவில்லை. வாந்திக்கென்று ஓர் ஊசி போட்டார்கள், அது ஒன்றும் செய்யவில்லை. வயிற்றில் எதுவும் இல்லாமல், பித்தநீரும் வராமல், வெறும் உடம்பு மட்டும் முறுக்கிக்கொண்டு எழும். வாந்தி பிடிக்கும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகைத் தடவுவேன். "கையை எடு" என்பார். தொட்டாலும் குமட்டியது.

வீட்டுக்கு வந்த பிறகு வாசனைதான் எதிரி. செஞ்சியில் வேர்க்கடலை வாசனை இல்லாத இடம் ஏது? மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை வரும் நாட்களில் தெருவெல்லாம் அந்தப் பச்சை மண் வாசனை. மூலையில் எண்ணெய் மில். அவருக்கு அவித்த வேர்க்கடலை என்றால் உயிர். இப்போது ஜன்னலைச் சாத்து, சாத்து என்பார். சாத்தினால் அறை வெந்தது. இந்த ஊரில் வெயில் காலம் என்று தனியாக இல்லை, பாறை எல்லாம் சூட்டை வைத்துக்கொண்டிருக்கும். நான் தாளிப்பதை நிறுத்தினேன். கஞ்சி, உப்பு, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்கள் வீட்டு அடுப்பும் எங்கள் படுக்கை அறையும் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். ஒரு நாள் வெங்காயம் வதக்கிய வாசனைக்கு இவர் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். நான் எதுவும் போய்ச் சொல்லவில்லை. சுவர் வழியாக அவர்களுக்கே கேட்டிருக்க வேண்டும். மறுநாள் அந்த அக்கா கொல்லைப்புறத்தில், கிணற்றடியைத் தாண்டி மூன்று கல் வைத்து, வெயிலில் உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்கா இங்க?"

"உள்ள புழுக்கமா இருக்குது டீச்சர். இங்க காத்து வருது."

அங்கே காற்றே வரவில்லை. நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்த முதல் வாரம் என்றால் அவர் சமையல் கொல்லையில்தான். ஒரு தடவைகூட என்ன நோய் என்று கேட்டதில்லை. "ஊசி முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்பார். அந்த நல்ல மனசுகூட என்னை ஒரு பக்கம் நெருக்கியது. எல்லோரும் எங்களுக்காக ஏதோ ஒன்றைத் தாங்கிக்கொண்டார்கள். சீட் ஒதுக்கிய டிரைவர், வெயிலில் சமைத்த அக்கா, என் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட ஹெட்மாஸ்டர். இத்தனை பேருக்கு நடுவில் இருந்துகொண்டு, இனிமேல் வேண்டாம், நிறுத்திவிடுகிறோம் என்று எந்த வாயால் சொல்வது?

எங்கள் வாழ்க்கை மூன்று வாரக் கணக்கில் ஓடியது. முதல் வாரம் வாந்தி. இரண்டாம் வாரம் வாய் முழுக்கப் புண், ஜுரம் வந்துவிடுமோ என்ற பயம். மணிக்கொரு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். மூன்றாவது வாரம் அவர் மனுஷனாகிவிடுவார். பஸ் ஸ்டாண்டு வரை நடப்பார். பழைய ஆட்களோடு டீ குடிப்பார். "டீச்சரம்மா, இன்னைக்கு கறி எடுத்தாரட்டுமா?" என்று கேட்பார். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அப்படித்தான் கூப்பிடுவார். கறி எடுத்து வருவார், இரண்டு வாய் சாப்பிட்டாலும் ருசித்துச் சாப்பிடுவார்.

எனக்கு மற்ற இரண்டு வாரங்களையும் தாங்க முடிந்தது. மூன்றாவது வாரத்தைத்தான் தாங்க முடியவில்லை. அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, இன்னும் நாலு நாள், இன்னும் மூணு நாள் என்று உள்ளே ஓடும். தேறி வருகிறவரைத் திரும்பப் படுக்கையில் தள்ள அழைத்துப் போகப் போகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையில் லுங்கி, துண்டு, சொம்பு, பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்து வைப்பேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து நான் எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும்போது மூன்றாம் வாய்ப்பாட்டில் இருபத்தொன்று வந்ததும் அடுத்ததைச் சொல்லாமல் நின்றுவிடுவேன், மூன்று வாரத்துக்கு அத்தனை நாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், அதற்கு அப்பால் ஒரு பாழடைந்த சுவர். அதன் மறைவில் போய் அழுதுவிட்டு, கண்ணில் தூசி என்று சொல்லிக்கொண்டு வகுப்புக்கு வருவேன்.

இரண்டாவது தடவைக்குப் பிறகு முகவீக்கம் குறைந்தது. கழுத்துப் பட்டனைப் போட்டுக் காட்டினார். நான் கும்பிடாத சாமி இல்லை அன்றைக்கு. மூன்றாவது தடவை ஏற்றப் போனபோது நர்ஸுக்கு நரம்பு கிடைக்கவில்லை. வலது கை முழுக்க நரம்பு கயிறு போலக் கெட்டிப்பட்டுவிட்டது. வெந்நீரில் துணி நனைத்துச் சுற்றினார்கள், தட்டினார்கள், ஏழெட்டு இடத்தில் குத்தினார்கள். கடைசியில் இடது கை மணிக்கட்டில் கிடைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

அதன் பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் வெள்ளை அப்படியே இருந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் பெரிதாகவும் தெரிந்தது. "இன்னொண்ணு குடுத்துப் பாக்கலாம். அதுக்கும் கேக்கலைன்னா நிறுத்திடலாம்" என்றார் டாக்டர். நான் வழக்கம் போலத் தலையாட்டிவிட்டு வந்து, "நல்லா கரைஞ்சிட்டு வருதாம்" என்றேன் அவரிடம்.

நான்காவது தடவைக்குப் போன அன்று பஸ் திண்டிவனத்தில் நின்றது. டீ குடிக்க என்று இறங்கிய அவர் திரும்ப ஏறவில்லை. ஸ்டாண்டில் ஒரு பழக்கடைக்குப் பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். இவர் கையை அசைத்து, "நீ எடுத்துனு போ" என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். வண்டி கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டுப் போனது.

"இன்னாச்சுங்க? மயக்கமா வருதா?"

"இல்ல. உக்காரு."

உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"எங்கிட்ட எதுனா சொல்லணுமா நீ?" என்றார்.

"இன்னா சொல்றது?"

"எனக்கு இன்னா வியாதின்னு."

சளிக்கட்டி என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை. கோபம் எதுவும் இல்லை குரலில்.

"பதினோரு வருசம் இந்த ரூட்ல ஓட்டினேன். அந்த ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங்ல எறங்குறவங்க யாருன்னு எனக்குத் தெரியாதா? மூட்டை முடிச்சோட, ஒருத்தர் கைய ஒருத்தர் புட்சிக்கினு எறங்குவாங்க. அவங்களுக்காக ரெண்டு நிமிசம் சேத்து நிறுத்துவேன். சளிக்கட்டிக்கு அங்க யாரும் வர மாட்டாங்க."

இவ்வளவு தெரிந்த மனிதரிடம், அதே பஸ்ஸில், அதே ஸ்டாப்பிங்கில் இறக்கி, ஒன்றரை வருடமாக நான் பொய் சொல்லியிருக்கிறேன். இது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத நாளே. பாப்பாவுக்கும் தெரியும். நான்தான் போன சித்திரைல சொன்னேன். அம்மா கிட்ட தெரிஞ்ச மாரி காட்டிக்காத, அவ தாங்க மாட்டான்னு சொல்லி வெச்சேன்."

அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. வேப்பமரத்துக்குப் பின்னால் நான் தனியாக அழுத நாட்களில், வீட்டில் அப்பாவும் மகளும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் மூன்று பேர், ஆளுக்கொரு பூட்டு.

"தெரிஞ்சும் ஏன் ஏத்திக்கினீங்க? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்டி சொல்றது? ஞாயித்துக்கெழம ஆனா நீ பைய எடுத்து வெச்சிட்டு நிக்கிறே."

"நீங்க பொழைக்கணும்னு ஆசைப்படுறீங்கன்னு நான் எடுத்து வெச்சேன்."

"ஆசைப்பட்டேனா இல்லயான்னு எனக்கே தெரியல" என்றார்.

எதிரே செஞ்சி போர்டு போட்ட வண்டி வந்து நின்றது. "வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன். முதல் தடவையாக அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. அவர் அந்த வண்டியைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். கூட்டம் ஏறி முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போயி? உக்காந்துகினு எப்ப வரும் எப்ப வரும்னு பாத்துனு இருக்கணும். அங்க போனா படுக்கணும். இங்க போனாலும் படுக்கணும்."

அந்த வண்டி போய்விட்டது. அடுத்து வந்த மெட்ராஸ் வண்டியில் அவரே முதலில் ஏறினார். "டாக்டர் கிட்ட நானே கேக்கறேன்" என்றார்.

டாக்டர் அறைக்கு அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனோம். "சார், எனக்கு எல்லாம் தெரியும். இத ஏத்திக்கினா இன்னா ஆவும், ஏத்திக்கலன்னா இன்னா ஆவும், அத மட்டும் சொல்லுங்க" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பேசினார். எதையும் மறைக்கவில்லை. நாலாவது தடவை கேட்கும் என்று தனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை என்றும், ஏற்றாவிட்டால் வீக்கமும் மூச்சுத் திணறலும் சீக்கிரம் கூடலாம் என்றும் சொன்னார். "ஏத்திக்கிறதும் தப்பில்ல, வேணாங்கிறதும் தப்பில்ல. நீங்க சொல்றதை நான் செய்றேன்."

வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்று நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டிருந்தேன்.

"போடச் சொல்லுங்க சார்" என்றார்.

வராண்டாவுக்கு வந்ததும், "ஏங்க?" என்றேன்.

"பாப்பாவுக்கு மார்ச்லதான பரீட்ச. அதுவரைக்கும் ஓட்டிப் பாக்கலாம்." கொஞ்சம் நடந்த பிறகு நின்று, "மூணு வாட்டி உனக்குன்னு போட்டுக்கினேன். இது எனக்கு" என்றார்.

பொய் போய்விட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை. முன்னால் அவருக்குத் தெரியாது என்பதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது தெரிந்தே கேட்டுக்கொள்கிறவரை எப்படித் தடுப்பது? வார்டில் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துக்கொண்டு, கறுப்புத் துணி சுற்றிய பாட்டிலிலிருந்து சொட்டு சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கையில் நரம்பே கிடைக்காமல் இந்த முறை காலில் குத்தியிருந்தார்கள். வலது காலில்.

பத்தாம் நாள் ஜுரம் வந்தது. உடம்பு தூக்கிப் போட்டது. பக்கத்து வீட்டு அக்காவின் தம்பி ஒரு அம்பாசிடர் காரைக் கொண்டுவந்து, எங்களை மெட்ராஸில் சேர்த்தார். வெள்ளை அணுக்கள் எல்லாம் விழுந்துவிட்டன என்றார்கள். எட்டு நாள் வார்டில் இருந்தோம். ஜுரம் விட்டது. மிச்சமிருந்த சதையெல்லாம் அந்த எட்டு நாளில் போய்விட்டது. மூன்றாவது வாரம் என்ற ஒன்று அந்தத் தடவை வரவே இல்லை.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள், நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்தார். "போதும்மா" என்றார். நான் சரி என்றேன். அவ்வளவுதான் பேச்சு. இரண்டு வருடம் பேச முடியாமல் இருந்தது ஒரு வார்த்தையில் முடிந்துபோனது.

அதன் பிறகு ஏழு வாரம் இருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் ஒரு மேஜை போட்டு, அதில் தலையணை வைத்து, தலையைக் கவிழ்த்துத் தூங்குவார். அந்த மேஜையும் பக்கத்து வீட்டிலிருந்து வந்ததுதான். உள்ளூர் டாக்டர் வந்து வலிக்கு ஊசி போட்டுவிட்டுப் போவார். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டால் இவர் எந்த வண்டி, யார் ஓட்டுகிறார் என்று சொல்லுவார். பாதிக்கு மேல் சரியாக இருக்கும். ஒரு நாள் பீடி வேண்டும் என்று கேட்டார். மறுத்தால் என்ன லாபம்? நானே பெட்டிக்கடைக்குப் போய், "ஒரு கட்டு பீடி குடுப்பா" என்றேன். கடைக்காரர் யாருக்கு என்று கேட்கவில்லை, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். வீட்டில் இவர் ஒன்றைப் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்து, இருமி, அணைத்து வைத்துவிட்டார். "ருசியே இல்ல" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி முகம் விழுந்துவிட்டது.

மகள் பரீட்சை எழுதினாள். ஒவ்வொரு நாளும் கேள்வித்தாளைக் கொண்டு வந்து அவர் மேஜையில் வைப்பாள். அவருக்கு அதில் ஒன்றும் புரியாது. "இது எழுதினியா, இது எழுதினியா" என்று ஒவ்வொரு கேள்வியாக விரலை வைத்துக் கேட்பார். "எழுதிட்டேன் நைனா" என்பாள் எல்லாவற்றுக்கும். அவர்கள் இரண்டு பேரும் அப்படி உட்கார்ந்திருக்கும்போது நான் உள்ளே போக மாட்டேன்.

பரீட்சை முடிந்த இரண்டாவது வாரம், ஒரு முற்பகலில் போனார். எனக்கு லீவு எல்லாம் தீர்ந்து, பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தேன். போர்டில் கழித்தல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது ஹெட்மாஸ்டர் வாசலில் வந்து நின்றார். அவர் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே சாக்பீஸைக் கீழே வைத்தேன். மெயின் ரோட்டில் நான் ஏறிய பஸ் டிரைவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. நடுவில் எந்த ஸ்டாப்பிங்கிலும் அவர் நிறுத்தவில்லை. இறங்க வேண்டியவர்கள்கூட வாயைத் திறக்காமல் செஞ்சி வரைக்கும் வந்தார்கள்.

அவர் பக்கத்தில் இருந்தது மகள்தான். தண்ணீர் கேட்டாராம். கொண்டுவருவதற்குள் தலை மேஜையில் சாய்ந்திருந்ததாம்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். வீட்டுக்குள் நுழைந்து அவரைப் பார்த்தபோது எனக்குள் முதலில் எழுந்தது துக்கமில்லை. இனிமேல் பை எடுத்து வைக்க வேண்டியதில்லை என்றுதான் தோன்றியது. நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூச்சு வெளியே போனது. அதற்கப்புறம்தான் அழுதேன். அந்த ஒரு மூச்சுக்காகப் பல வருடம் என்னை நானே மன்னிக்கவில்லை.

மகளுக்கு இப்போது அன்றைய என் வயதைவிட அதிகம். கொஞ்ச நாள் முன்னால் ஊருக்கு வந்தவள், கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "அம்மா, வியாதி திரும்ப வந்தப்ப அந்த ரெண்டாம் தடவை மருந்தே ஏத்தலன்னா நைனா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரா? இல்ல, சீக்கிரம் போயிருப்பாரா?"

"தெரியலடி."

"நீ யோசிச்சதே இல்லயா?"

"தினமும் யோசிச்சேன். ரெண்டு பக்கமும் யோசிச்சேன்."

அவள் ஆய்ந்த கீரையை முறத்தில் ஒதுக்கிவிட்டு, அடுத்த கட்டைப் பிரித்தாள்.